தங்கவயலுக்கு விளக்கேற்றிய ஆற்றின் மூச்சு

கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டைக்குள் ஆறு கிடையாது. பங்காருபேட்டையிலிருந்து மாரிகுப்பம் போகும் கிளை ரயிலில் கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று ஒவ்வொரு நிலையமாகக் கடந்து போனால் கண்ணில் படுவது சைனைடு மண்மேடுகளும் வரிசை வரிசையான லைன் வீடுகளும்தான். பாலாறு பேத்தமங்கலம் பக்கமாக ஒதுங்கிப் போய்விடுகிறது. காவிரி இன்னும் வெகுதூரம். இருந்தும் இந்த ஊரின் சரித்திரத்தைச் சொல்ல வருகிறவர் காவிரியை விட்டுவிட்டு நான்கு பக்கம் நகர முடியாது. தங்கவயலின் எந்திரங்களைச் சுழற்றியது அந்த ஆறு. அந்த எந்திரங்களின் பசியும் சேர்ந்துதான் காவிரியின் குறுக்கே கண்ணம்பாடி அணையை எழுப்பியது. அணை எழுந்தபின் ஆற்றுத் தண்ணீருக்குள் என்ன நடக்கிறது, அதில் கரைந்திருக்கும் காற்று என்ன ஆகிறது என்பது அந்தச் சரித்திரத்தில் இன்னும் சேராத அத்தியாயம்.

1880-இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் கோலாரில் கால் வைத்தது. வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் கூலிக்கு வந்து சேர்ந்தன. அவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். சுரங்கங்களைச் சுற்றிக் குடியிருப்புகள் பெருகின. மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ராபர்ட்சனின் பெயரைத் தாங்கி ஒரு பேட்டையும் எழுந்தது. சுரங்கம் ஆழமாகப் போகப் போக அதற்கு வேண்டிய விசையும் கூடியது. ஆளையும் கல்லையும் மேலே தூக்க வேண்டும். ஊறும் நீரை இறைக்க வேண்டும். பாறையைத் துளைக்க அழுத்தக் காற்று வேண்டும். கல்லை இடித்து மாவாக்கும் உலக்கை ஆலைகள் இரவும் பகலும் ஓட வேண்டும். இவை எல்லாம் நீராவியில் ஓடின. நீராவிக்கு விறகும் நிலக்கரியும் வேண்டும். நிலக்கரியோ ரயிலில் தூரதேசத்திலிருந்து வர வேண்டும்.

அதே சமயம் மைசூர் சமஸ்தானத்தின் தெற்கே, சிவசமுத்திரத்தில், காவிரி இரண்டாகப் பிரிந்து ககனசுக்கி, பரசுக்கி என்ற இரு அருவிகளாகப் பாறையிலிருந்து குதித்துக்கொண்டிருந்தது. அந்தக் குதிப்பை மின்சாரமாக்கலாம் என்று திட்டம் தீட்டியவர் ராயல் எஞ்சினியர்ஸ் படைப்பிரிவின் அதிகாரி ஜோலி டி லோட்பினியர். கனடாவின் கியூபெக் மாகாணத்துப் பிரதமராக இருந்தவரின் மகன் இவர். நயாகராவில் நடந்துகொண்டிருந்ததை நேரில் பார்த்துவிட்டு வந்தார். திவான் சேஷாத்ரி ஐயர் அவருக்குப் பின்னால் நின்றார். டர்பைன்கள் சுவிட்சர்லாந்தின் எஷர் வைஸ் நிறுவனத்திலிருந்தும், மின் எந்திரங்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கிலிருந்தும் வந்தன. கனமான பாகங்களை யானைகள் இழுத்துக் காட்டு வழியே கொண்டுபோய்ச் சேர்த்தன. 1902 ஜூன் 30 அன்று சிவசமுத்திரத்து மின்சாரம் 92 மைல் தூரம் கம்பி வழியே ஓடி, 35,000 வோல்ட் அழுத்தத்தில் கோலார் தங்கவயலை எட்டியது. அன்றைய உலகின் மிக நீளமான மின்தடங்களில் அது ஒன்று. பெங்களூர் நகரத் தெருக்களுக்கு விளக்கு வந்தது அதற்கு மூன்று வருஷம் கழித்து, 1905-இல். சேஷாத்ரி ஐயர் இரண்டையும் பார்க்கவில்லை. 1901 செப்டம்பரிலேயே காலமாகிவிட்டார்.

இந்தக் கதையைத் தங்கவயல்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அன்று ஆற்றில் என்ன மாறியது என்பதையும் பக்கத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டும்.

அருவி என்பது ஆறு மூச்சு விடும் இடம். தண்ணீர் உடைந்து சிதறிக் காற்றோடு கலக்கும்போது தன்னிடம் குறைந்த வாயுவை வாங்கிக்கொள்கிறது. தன்னிடம் மிகுந்ததை வெளியே விட்டுவிடுகிறது. இது ஆற்று உயிர்களுக்குச் சின்ன விஷயம் அல்ல. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 8 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் பிடித்துவைக்கும். அதே ஒரு லிட்டர் காற்றில் இருப்பதில் இது முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. மீன் அந்தக் கொஞ்சத்தைச் செவுள்களால் சலித்தெடுத்துத்தான் பிழைக்கிறது. 8 என்பது 4 ஆனால் பல மீன்களுக்குத் திணறல். 2 ஆனால் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளக்கும்.

சிவசமுத்திரத்தில் பெரிய நீர்த்தேக்கம் கிடையாது. தாழ்வான தடுப்பில் திருப்பிய நீரை வாய்க்காலிலும், பிறகு மலைச்சரிவில் இறங்கும் இரும்புக் குழாயிலும் விட்டு டர்பைனைச் சுழற்றினார்கள். அப்படித் திருப்பியதால் தண்ணீர் கெட்டுப்போகவில்லை. ஆனால் அருவி வழியே போயிருக்க வேண்டிய தண்ணீர் காற்றின் முகம் பார்க்காமல் இறங்கியது. கோடையில் அருவியின் பாறை காய்ந்தது. அருவிக்கும் மின்நிலையத்துக்கும் இடைப்பட்ட ஆற்றுப்படுகை மடுக்களாகத் தேங்கியது. ஓடாத மடுவில் வெயில் ஏறினால் ஆக்சிஜன் இறங்கும் என்பதைக் குளத்தில் மீன் வளர்க்கிற எவரும் சொல்வார்கள்.

அடுத்து வந்ததுதான் பெரிய மாற்றம். கோடையில் காவிரி மெலிந்தால் மின்சாரமும் மெலியும். தங்கவயல் முதலாளிகளோ வருஷம் முழுக்க ஒரே சீரான மின்சாரம் கேட்டார்கள். மேலும் மேலும் கேட்டார்கள். வெள்ள நாளில் வீணாகப் போவதாக அன்று கருதப்பட்ட நீரைப் பிடித்துவைத்துக் கோடையில் அளந்து விட்டால்தான் அது நடக்கும். 1909-இல் மைசூரின் தலைமைப் பொறியாளராக வந்த விசுவேசுவரய்யா, கண்ணம்பாடியில் அணை கட்டும் திட்டத்தை எடுத்து நிறுத்தினார். அதில் மண்டியா பக்கத்துப் பாசனமும் இருந்தது, தங்கவயலின் மின்சாரமும் இருந்தது. 1911 நவம்பரில் வேலை தொடங்கியது. சிமென்டுக்குப் பதில் சுர்க்கிக் காரை. கண்ணம்பாடி ஊரும் அதன் வேணுகோபாலர் கோயிலும் நீருக்குள் போயின. சென்னை மாகாணம் தஞ்சாவூர் டெல்டாவை நினைத்து எதிர்த்தது; 1914-இல் கிரிஃபின் நடுவராக உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். வழக்கு அதோடும் ஓயாமல் 1924 பிப்ரவரி 18-ஆம் தேதி ஒப்பந்தத்தில் போய் முடிந்தது. மைசூருக்கு 124 அடிக் கண்ணம்பாடி. சென்னைக்கு மேட்டூர். 1925-இல் தொடங்கிய மேட்டூர் அணை 1934-இல் திறக்கப்பட்டது. இப்படிப் பார்த்தால், ராபர்ட்சன்பேட்டைக்குப் பக்கத்தில் பாறை இடித்த உலக்கைகளின் ஓசை சேலம் மாவட்டத்து மேட்டூர் வரை போய் எதிரொலித்திருக்கிறது.

கண்ணம்பாடி அணையின் கிருஷ்ணராஜசாகர் 49.45 டி.எம்.சி., மேட்டூரின் ஸ்டான்லி நீர்த்தேக்கம் 93.47 டி.எம்.சி. இந்த எண்களைத் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். தண்ணீரின் அளவு எல்லாருக்கும் தெரியும். அந்தத் தண்ணீர் அணைக்குள் இருக்கும்போது எப்படி மாறுகிறது என்பது பேச்சில் வருவதில்லை.

ஓடுகிற ஆறு மேலும் கீழும் புரண்டு ஓடுவதால் அடிவரை காற்று போகும். அதே தண்ணீரை நூறடி ஆழத்துக்குத் தேக்கினால் வெயில் மேல்பரப்பை மட்டும் சூடேற்றுகிறது. சூடான நீர் இலேசு; மேலேயே நிற்கும். குளிர்ந்த நீர் கனம், அடியிலேயே கிடக்கும். இரண்டும் எண்ணெயும் தண்ணீரும்போல ஒன்றன்மேல் ஒன்று படுத்துவிட்டால், காற்றிலிருந்து இறங்கும் ஆக்சிஜன் அடிக்குப் போய்ச் சேராது. அடியிலோ மூழ்கிய மரம், சருகு, வண்டல், ஆறு அடித்துக்கொண்டு வந்த ஊர்க்கழிவு எல்லாம் அழுகிக்கொண்டிருக்கும். அழுகல் ஆக்சிஜனைத் தின்னும். அது தீர்ந்தபின் வேறு நுண்ணுயிர்கள் வேலையை எடுத்துக்கொள்ளும். அப்போது பிறப்பவைதான் மீத்தேனும், அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடும். வண்டலில் கட்டுண்டிருந்த இரும்பும் மாங்கனீசும் கரைந்து நீரில் ஏறும். குளிர்ந்த நீருக்குச் சூடான நீரைவிட அதிக ஆக்சிஜனைத் தாங்கும் சக்தி உண்டு. ஆனாலும் அணையின் அடிநீர் வெறுங்கையோடு நிற்கிறது, இருந்ததை அழுகல் தின்றுவிட்டதால்.

இனி எல்லாம் மதகைப் பொறுத்தது. மேல்மதகு வழியே விட்டால் காற்றேறிய மேல்நீர் போகும். அடிமதகு வழியாகவோ, ஆழத்தில் வாய் வைத்த மின்நிலையக் குழாய் வழியாகவோ விட்டால் அந்த மூச்சற்ற நீர் ஆற்றுக்குள் இறங்கும். பார்வைக்கு அது கண்ணாடிபோல் தெளிந்து, தொட்டால் ஜில்லென்று இருக்கும். ஆனால் அதில் மீனுக்கு மூச்சுக்காற்று இல்லை. ஆறு பாறைகளில் மோதி, மேடு பள்ளங்களில் உருண்டு, இழந்ததைத் திரும்பப் பெறச் சில கிலோமீட்டர் முதல் பல பத்துக் கிலோமீட்டர்வரை ஆகும். அதற்குள் அடுத்த அணை வந்துவிட்டால் அந்த அவகாசமும் இல்லை.

நம் அணைகளின் பக்கமும் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவத்தின் வெள்ளமும் பலத்த காற்றும் ஆண்டுதோறும் இந்தத் தேக்கங்களைக் கலக்கிவிடுகின்றன. பாசனத்துக்கு நீர் விட விட மட்டம் இறங்கி, அடுக்குகள் குலைகின்றன. ஆகவே பொதுவாக நம் நீர்த்தேக்கங்களில் இந்த அடுக்குப் பிரிவு குளிர்நாடுகளில்போல் நெடுங்காலம் அசையாமல் நிற்பதில்லை. சென்னை மாநில மீன்வளத் துறையின் ஆய்வாளர் சீனிவாசன் ஸ்டான்லி நீர்த்தேக்கத்து நீரின் தன்மையையும் மீன் விளைச்சலையும் சேர்த்து ஆராய்ந்து 1966-இல் எழுதினார். டி.எம்.சி. கணக்கை விட்டு, தண்ணீருக்குள் எட்டிப் பார்த்த முன்னோடிகளில் அவர் ஒருவர். அந்தப் பாதையில் நூறு பேர் போயிருக்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்து ஆபத்தும் உண்டு. காற்று குறைவது ஒரு கேடு என்றால் கூடுவது இன்னொன்று. வெள்ள காலத்தில் மேட்டூரின் 16 கண் மதகைத் திறந்துவிடும்போது பார்க்கப் போகிற கூட்டம் அந்த வெண்ணுரையைத்தான் பார்க்கிறது. நுரை என்பது தண்ணீர் காற்றை வாரிக்கொண்டு போவது. உயரமான அணையின் வழிந்தோடி நீர், ஆழமான மடுவுக்குள் நேராக விழுந்தால், காற்றுக் குமிழ்களையும் அடிவரை இழுத்துக்கொண்டு போகும். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அந்த அழுத்தத்தில் நைட்ரஜனும் ஆக்சிஜனும் அளவுக்கு மீறித் தண்ணீரில் கரைந்துவிடும்.

கோலி சோடாவை நினைத்துக்கொண்டால் போதும். குண்டு அடைத்திருக்கும்வரை பாட்டிலுக்குள் வாயு இருப்பதே தெரியாது. கட்டை விரலால் குண்டை உள்ளே தள்ளியதும் பொங்கிக்கொண்டு வரும். வாயு மிகுந்த தண்ணீரில் மூச்செடுத்த மீன் மேல்மட்டத்துக்கு வரும்போது அதன் இரத்தத்துக்குள் இதுதான் நடக்கிறது. செவுளிலும் துடுப்பிலும் குமிழ்கள் முளைக்கின்றன. கண் பிதுங்குகிறது. இரத்தக் குழாயைக் குமிழ் அடைத்தால் மீன் சாகிறது. வாயுக்குமிழ் நோய் என்று இதற்குப் பெயர். அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் 1968-இல் ஜான் டே அணையைத் தேக்கியபோது டர்பைன்கள் முழுக்கத் தயாராகவில்லை. வந்த வெள்ளமெல்லாம் வழிந்தோடி வழியாகவே விழுந்தது. கீழே கரைந்த வாயு இயல்பு அளவைவிட மிக உயர்ந்து, சால்மன் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அதன் பிறகுதான் அந்த நாட்டில் இயல்பில் 110 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பு வந்தது. வழிந்தோடியின் அடிப்பக்கத்தில் உதடுபோல ஒரு கான்கிரீட் விளிம்பு வைத்து, நீர் மடுவுக்குள் குத்தாமல் மேலோட்டமாகச் சறுக்கிப் போகும்படி செய்தார்கள்.

குறைவை நிரப்பவும் வழி இருக்கிறது. தென்னமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவின் சின்னமாரி ஆற்றில் பெத்தி சோ அணை 1994-இல் தேக்கத் தொடங்கியது. வெட்டாமல் விட்ட காடு அப்படியே மூழ்கி அழுகியது. அணைக்குக் கீழே ஓடிய நீரில் மீத்தேன் மிகுந்து, ஆக்சிஜன் அற்றுப்போனது. கட்டியவர்கள் அணைக்குக் கீழே ஒரு தடுப்பு கட்டி, தண்ணீரை அதன்மேல் வழிந்து விழச் செய்தார்கள். மீத்தேன் வெளியேறியது, ஆக்சிஜன் ஏறியது. அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் 1990-களில் தன் பழைய அணைகளின் டர்பைன்களிலேயே காற்று உறிஞ்சும் துளைகள் வைத்தது. சில இடங்களில் தேக்கத்தின் அடியில் குழாய் போட்டு ஆக்சிஜனையே குமிழாக விட்டது. சவுத் ஹோல்ஸ்டன் அணைக்குக் கீழே வளைந்து வளைந்து போகும் தடுப்பு கட்டியது.

தண்ணீரைத் தடுப்பின்மேல் வழிந்து விழச் செய்வது காவிரிக்கரைக்குப் புதிதல்ல. கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணையும், மைசூர் அரசர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சுற்றிக் கட்டிய கல்லணைக்கட்டுகளும் ஆற்றை ஆழத்தில் சிறைவைக்கவில்லை. தாழ்வான கல்வரிசை, அதன்மேல் வழிந்து, உடைந்து, நுரைத்துப் போகும் நீர். கண்டீரவ நரசராஜ உடையார் காலத்தில், 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுந்த அப்படியொரு அணைக்கட்டினால் உண்டான தீவுகள்தான் இன்று ரங்கனதிட்டுப் பறவைகள் சரணாலயம். கட்டியவர்கள் கரைந்த வாயுவை அளந்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அவர்கள் கட்டிய விதத்தில் ஆற்றின் மூச்சு அறுபடவில்லை.

காவிரியில் யாருக்கு இந்த மூச்சு மிகவும் தேவை என்றால், மஹசீர் மீனுக்கு. முதுகு கூனிய காவிரி மஹசீர் வேறெந்த ஆற்றுப்படுகையிலும் பிறப்பதில்லை. வேகமாக ஓடும், காற்று நிறைந்த, பாறைப்பாங்கான நீர்தான் அதன் வீடு. 1946 மார்ச்சில் காவிரியின் துணையாறான கபினியில் தூண்டிலில் சிக்கிய ஒரு மஹசீரின் எடை 120 பவுண்டு, அதாவது 54 கிலோவுக்கு மேல். அந்த இனம் அழிவின் விளிம்பில் இருப்பதாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2018-இல் பட்டியலிட்டது. கடலிலிருந்து காவிரியில் ஏறிவந்த உல்லம் மீனின் கதை இன்னும் முன்பே முடிந்தது. மேட்டூர் சுவர் அதன் வழியை மறித்துவிட்டது. மஹசீரைச் சுவரோடு சேர்ந்து வேட்டையும், வெடி வைத்துப் பிடிப்பதும், வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட வேறு மஹசீர் இனமும் நெருக்கின. சிவசமுத்திரத்துக்குக் கீழே மேகதாது வழியாக ஒகேனக்கல் வரை ஓடும் பாறை ஆறு அதற்கு மிச்சமிருக்கும் புகலிடங்களில் ஒன்று.

காற்றின் அருமை தங்கவயலுக்குத் தெரியும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டியது. குளிர்வித்த காற்றை மேலிருந்து இறக்காமல் அங்கே மனிதன் ஒரு மணி நேரம் நிற்க முடியாது. அந்தக் காற்றைக் குளிரவைத்து, உள்ளே தள்ளிய மின்சாரத்தின் பெரும்பகுதி காவிரி தந்தது. ஆற்றின் விசையால் மூச்சு வாங்கியவர்கள் அந்தத் தொழிலாளர்கள். பாறைத்தூசி நுரையீரலை அடைத்து, சிலிகோசிஸ் நோயில் இளைத்து இறந்த தகப்பன்களைப் பார்த்த பிள்ளைகள் இன்றும் அந்த லைன்களில் இருக்கிறார்கள். மூச்சு குறைவது என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. நீர் இறைப்பது நின்றதும் ஆழத்துச் சுரங்கப் பாதைகளில் தண்ணீர் நிரம்பியது. எந்த ஊருக்காக ஆற்றைத் திருப்பினார்களோ அந்த ஊரின் தேவை முடிந்துவிட்டது, ஆறு திரும்பவில்லை. சிவசமுத்திரம் நிலையம் இன்னும் ஓடுகிறது. கிருஷ்ணராஜசாகரும் மேட்டூரும் கோடிக்கணக்கானவர்களுக்குச் சோறும் குடிநீரும் தருகின்றன. அவற்றை இடிக்கச் சொல்கிறவர் எவருமில்லை.

ஆனால் 1892 ஒப்பந்தம், 1924 ஒப்பந்தம், 2007 நடுவர் மன்றத் தீர்ப்பு, 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று இந்த ஆற்றுக்காக எழுதிய காகிதங்களில் வழக்கு முழுக்க அளவைப் பற்றியதுதான். 740 டி.எம்.சி.யைப் பங்கு பிரித்த நடுவர் மன்றம் சுற்றுச்சூழலுக்கென்று 10 டி.எம்.சி. ஒதுக்கியது. அந்தத் தண்ணீர் எந்த மதகு வழியே, எவ்வளவு ஆக்சிஜனோடு போக வேண்டும் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை. இத்தனைக்கும் நம் நாட்டின் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே மீன்வளத்துக்கு லிட்டருக்குக் குறைந்தது 4 மில்லிகிராம், குளிக்கும் நீருக்கு 5 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும் என்று வரையறை வைத்திருக்கிறது.

இப்போது மேகதாதுவில் 67 டி.எம்.சி. தேக்கும் அணையும் 400 மெகாவாட் மின்நிலையமும் வேண்டும் என்று கர்நாடகம் கேட்கிறது, தமிழ்நாடு எதிர்க்கிறது. மஹசீர் ஒதுங்கி வாழும் அதே பாறை ஆற்றில்தான் அந்த அணை எழும். அந்த வழக்கில் யார் வென்றாலும், காவிரியின் ஒவ்வொரு அணைக்கும் கீழே, மதகுநீர் ஆற்றில் கலக்கும் இடத்தில், ஆண்டு முழுக்கக் கரைந்த ஆக்சிஜனையும் மொத்த வாயு அழுத்தத்தையும் அளக்க இரண்டு அரசுகளும் கருவி வைக்கட்டும். நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து இத்தனை கன அடி, திறப்பு இத்தனை கன அடி என்று தினமும் செய்தித்தாளில் வருகிறதே, அதற்குப் பக்கத்தில் அந்த எண்ணையும் அச்சிடட்டும்.